கத்தி யார் கையில் இருந்தது?

நடுவர் அவர்களே, மழை கொட்டியும் மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ராக் இசைக்குழு நிலைப்பது பழைய ஓசையைக் காப்பதாலா, மாற்றுவதாலா என்பது இன்றைய கேள்வி. மாற்றுவதால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கை ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பிடித்துக்கொண்டார். "பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட மாதிரி, கித்தாரை ஒதுக்கிவிட்டுக் கணினியைக் கொண்டுவந்தார்கள்" என்றார். கைதட்டல் பலம். நானும் தட்டினேன், என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

ஆனால் தங்கச்சி, தோட்டத்தில் மரத்தைச் சாய்க்கச் சொன்னது யார்? துரையும் கம்பெனியும். நம்மை ஒரு வார்த்தை கேட்டார்களா? ரேடியோஹெட்டின் ஐந்து பேர் விஷயத்தில் மரமும் அவர்களுடையது, கத்தியும் அவர்கள் கையில்.

1985-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் பள்ளியில் குழுவாக ஒன்றுசேர்ந்த பையன்கள். ஒத்திகை வெள்ளிக்கிழமை என்பதால் குழுவின் முதல் பெயரே 'ஆன் எ ஃப்ரைடே'. நம் தோட்டத்துப் பஜனைக் குழு மாதிரிதான்! 1992-இல் வந்த 'கிரீப்' பாட்டு மறு ஆண்டு பல நாடுகளில் ஓடியது. அப்புறம் எங்கே போனாலும் "அதைப் பாடு" என்ற கூச்சல். நம் உறுமி மேளத் தம்பிகளைக் கேளுங்கள், அந்த அவஸ்தையைச் சொல்வார்கள். 1994-இல் அந்த வெற்றியையே ஒரு பாட்டில் 'இரும்பு நுரையீரல்' என்றார்கள். அது நோயாளிக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரம், ஆனால் எழுந்து நடக்க விடாது.

1997-இல் 'ஓகே கம்ப்யூட்டர்' என்ற பாடல் தொகுப்பு. கித்தாராலேயே உச்சிக்குப் போய்விட்டார்கள். அதே அச்சில் இன்னொன்று வார்த்திருந்தால் காசு கொட்டியிருக்கும். 2000-இல் வந்த 'கிட் ஏ' தொகுப்பிலோ கித்தார் ஓரத்துக்குப் போனது; சிந்தசைசரும், 1928-இல் பிறந்த ஒண்ட் மார்த்தெனோ என்ற மின்னிசைக் கருவியும் முன்னே வந்தன. விளம்பரத்துக்கென்று ஒரு பாட்டைக்கூடத் தனியாக வெளியிடவில்லை. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், சரி. ஆனால் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இவர்களுக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கிக் கொடுத்தது அந்தத் தொகுப்புதான்!

2007-இல் 'இன் ரெயின்போஸ்' தொகுப்பு வந்தபோது விற்கும் முறையையே மாற்றினார்கள். இணையத்தில் வாங்குபவரே விலை போடலாம். ஒன்றும் தராமலும் எடுத்துக்கொள்ளலாம். அதைத் துணிந்து செய்யும்போது எந்தக் கம்பெனி ஒப்பந்தமும் அவர்கள் காலைக் கட்டவில்லை.

அடுத்து வரும் எதிரணி அண்ணன் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். இத்தனை முறை ஓசையை மாற்றிய குழுவில், பள்ளியில் ஒன்றுசேர்ந்த அதே ஐந்து பேர் இன்றும் இருக்கிறார்களே, எப்படி?