தோண்டினால் போச்சு

நேயர்களுக்கு வணக்கம். கிராமத்து இன்டர்நெட் பற்றிப் பேசச் சொன்னார்கள், நான் ரேஷன் கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்காரர் சிக்னல் தேடி வாசலுக்கு வருவார், வரிசையும் பின்னாலேயே நகரும். பார்த்திருப்பீர்கள்.

இந்த அவஸ்தை தீரத்தான் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கேபிள் போடும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. பாரத்நெட் என்பது பின்னால் வைத்த பெயர். தமிழ்நாட்டில் அந்த வேலையை மாநில அரசே செய்வதற்காக டான்ஃபிநெட் என்ற நிறுவனம் வந்தது. இலக்கு 12,525 ஊராட்சிகள்.

மாநில அரசுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறார்கள். இருபது வீட்டுக்காக ஐந்து கிலோமீட்டர் கேபிள் இழுக்க எந்தக் கம்பெனி வரும்? அரசு ஒரு தடவை இழுத்துவிட்டால் அதே கேபிளில் ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் எல்லாம் ஓடும், மிச்ச இழைகளைத் தனியாருக்கு வாடகைக்கு விடலாம், உள்ளூர் கேபிள்காரர் அதிலிருந்து வீட்டுக்கு இணைப்பு கொடுக்கலாம். ஆளுக்கு ஒரு பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. கேரளாவில் அந்த மாநில அரசின் இன்டர்நெட் கேபிள் திட்டமான கே-ஃபோன் மின்வாரியக் கம்பங்களிலேயே போகிறது. 2023 ஜூனில் தொடங்கியபோது முதல் கட்டமாகத் தொகுதிக்கு நூறு ஏழைக் குடும்பங்கள் என்று 14,000 வீடுகளுக்கு இலவச இணைப்பு அறிவித்தார்கள்.

சரி, கேபிள் வந்துவிட்டது. அப்புறம்?

ஒரு ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இரும்பு ரேக்கில் நெட் பெட்டி இருந்தது, அதன் தலையில் வருகைப் பதிவேடுகள். "பச்சை லைட் எரிஞ்சு நாலு மாசமாச்சு சார்" என்றார் அங்கிருந்தவர். விசாரித்தால், குடிநீர்க் குழாய் பதிக்க வந்த ஜேசிபி கேபிளைச் சேர்த்து அள்ளிவிட்டிருக்கிறது. குழாயும் அரசுடையது, கேபிளும் அரசுடையது, கவனியுங்கள்! யாரிடம் புகார் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும்தான்.

அதே சாலையில் அன்றைக்கே ஒரு கேபிள் டிவி பையன், ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு, அறுந்த தன்னுடைய கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தான். முடி மாதிரி இழை. ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நேராக வெட்டி, சின்ன மெஷினுக்குள் இரண்டு முனையையும் எதிரெதிரே வைத்தான், திரையில் அவை ஒன்றை ஒன்று தேடி நெருங்கின, ஒரு பொறி, அவ்வளவுதான், ஒட்டிவிட்டது. தூசி பட்டால் மறுபடி முதலிலிருந்து. நான் பார்த்துக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் அவன் பக்கம் சரியாகிவிட்டது. லைன் போனால் சந்தாக்காரர் போனில் திட்டுவார், அதனால் ஓடி வந்திருக்கிறான். அரசு கேபிளுக்காகத் திட்ட யாரும் இல்லை. நான் எங்கே பேசினாலும் இதைத்தான் சொல்கிறேன்: டெண்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதும்போதே, அறுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யார் வர வேண்டும், வராவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்றும் எழுதுங்கள். அந்தப் பையனைப் போல உள்ளூரில் இருக்கிறவர்களுக்கே பராமரிப்பைக் கொடுங்கள்.

நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். கட்டணம் பற்றியும், கேபிள் கொண்டுபோக அனுமதி வாங்கும் விதிகள் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும். தோண்டுகிறவர்கள் முன்கூட்டியே தகவல் கொடுக்க 2023-ல் மத்திய அரசு ஒரு செயலி கொண்டுவந்தது, பெயர் 'கால் பிஃபோர் யூ டிக்'. உங்கள் ஊரில் ஜேசிபி வந்து நின்றால் அது போனில் இருக்கிறதா என்று ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். வணக்கம்.