ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குக் கை வலிக்குதா? பத்து தடவை எழுத வைக்காதீங்க

அடுத்த கேள்வி பெரம்பூர்ல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. பையன் ஒண்ணாம் வகுப்பு. நாலு வரி எழுதறதுக்குள்ள கை வலிக்குதுங்கறானாம், பென்சில் முனை ஒடிஞ்சுக்கிட்டே இருக்காம், ‘ப’வைக் கீழே இருந்து மேலே போடறானாம். தினமும் ஒரு எழுத்தைப் பத்து தடவை எழுத வைக்கிறேன், திருந்தலையேன்னு கேக்கறாங்க.

அம்மா, முதல்ல அந்தப் பத்து தடவையை விட்டுடுங்க. அவன் எழுதின பக்கத்தை எடுத்துப் பாருங்க. முதல் எழுத்து ஓரளவு சரியா இருக்கும், ஏழாவது எட்டாவது கோணிக்கிட்டுப் போயிருக்கும். ஏன்னா ரெண்டாவதுல இருந்து அவன் உங்க எழுத்தைப் பார்க்கறதில்லை, தான் மேலே எழுதினதைப் பார்த்துத்தான் எழுதறான். சில பிள்ளைங்க இதைவிடக் கெட்டி. ‘கை’ எழுதுன்னா, பக்கம் பூரா முதல்ல கொம்பா இறக்கிட்டு வந்து, அப்புறம் பக்கத்துல க, க, கன்னு அடுக்கிடும். பக்கம் ரொம்பிடும், ஆனா ‘கை’யை முழுசா ஒரு தடவைகூட எழுதியிருக்காது. மூணு தடவை போதும். அந்த மூணுக்கும் பக்கத்துல உட்காருங்க. எழுத்து அழகா வருதான்னு பார்க்காதீங்க, கை எங்க ஆரம்பிச்சு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க.

‘ப’ இடப்பக்கம் மேலே ஆரம்பிக்கணும். இறங்கு, நட, ஏறு. பென்சிலைத் தூக்கக் கூடாது. அவனையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. இறங்கி நடந்து நின்னுட்டா ‘ட’. ஏறினா ‘ப’. ஏறிட்டு உள்பக்கம் வளைஞ்சு கீழ்க்கோட்டைத் தொட்டா ‘ம’. கீழே இருந்து போட்டாலும் ‘ப’ மாதிரிதானே இருக்குன்னு தோணும், ஆனா அந்தக் கைக்கு ‘ம’ வரும்போது தடுமாறும். ‘அ’வுல இருந்துதான் எழுத ஆரம்பிக்கணும்னும் இல்லை. சொல்றதுக்கு அது முதல் எழுத்து, எழுதறதுக்குச் சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் சேர்ந்து வர்ற கஷ்டமான எழுத்து.

இப்ப கை வலி. அவன் நோட்டுல எழுதின பக்கத்தைத் திருப்பி, பின்னாடி விரலால தடவுங்க. மேடு மேடா தட்டுப்பட்டா ரொம்ப அழுத்தறான்னு அர்த்தம். எச்.பி. பென்சிலுக்குப் பதிலா 2பி வாங்குங்க, லேசா தொட்டாலே கறுப்பா விழும். பேப்பரைத் தெர்மாகோல் மேல வெச்சு எழுத விடுங்க, அழுத்தினா பொத்துக்கும், அவனுக்கே தெரிஞ்சிடும். உள்ளங்கையால இறுக்கிப் பிடிக்கிற பிள்ளைக்குச் சிலேட்டும் 2 செ.மீ. சாக்பீஸ் துண்டும் கொடுங்க. அவ்வளவு சின்னதை மூணு விரல் நுனியிலதான் பிடிக்க முடியும். விரலுக்குப் பலம் வேணும்னா முருங்கைக்கீரை உருவட்டும், பட்டாணி உரிக்கட்டும், மொட்டை மாடியில துணிக்கு கிளிப் மாட்டட்டும். விஜயதசமிக்கு அரிசியில எழுத வெச்சுட்டு அன்னிக்கே தட்டை எடுத்து வெச்சிடறோம், அது தினமும் இருக்கவேண்டிய தட்டு. பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனா ஈர மணல்ல எழுதட்டும். காய்ஞ்ச மணல் சரிஞ்சு கோட்டை மூடிடும்.

நாற்காலியில கால் தொங்கினா கீழே ஒரு ஸ்டூல் போடுங்க. தரையில குப்புறப் படுத்து எழுதறது வேண்டவே வேண்டாம், தோள்ல தாங்கற பாரத்துல கை நகராது.

இன்னொண்ணு, வீட்ல தாத்தா பாட்டி சொல்லிக் கொடுத்தா, ‘லை’, ‘னை’க்கு முன்னாடி கொம்பு போடாம, பழைய மாதிரி எழுத்து மேலேயே யானைத் துதிக்கையா வளைச்சுப் போடறாங்களான்னு பாருங்க. 1978-லயே அதை மாத்தியாச்சு. புத்தகத்துல ஒண்ணு, வீட்ல ஒண்ணுன்னா பிள்ளை குழம்பும்.

ஸ்கூல்ல ஒரு பக்கம் எழுதிட்டு வரச் சொன்னா? ஒரே எழுத்தை ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா அடுக்கிக்கிட்டு வர விடாதீங்க. ஒவ்வொரு வரி ஆரம்பத்துலயும் நீங்க ஒரு எழுத்து போட்டுக் கொடுங்க, அதைப் பார்த்து அந்த வரியை எழுதட்டும். இடது கைப் பிள்ளையா இருந்தா வரியோட வலது ஓரத்துல போடுங்க. இடது ஓரத்துல போட்டா அவன் கையே அதை மறைச்சிடும்.