முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சா? முதலில் அந்தத் தலையணையை எடுங்கள்

வணக்கம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பாவம் வலிக்குதே என்று முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் சொருகிவிடுகிறோம். அவர்களுக்கும் அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

(காட்சி: நீட்டிய கால், குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு)

கால் மடங்கியே கிடந்தால் முட்டிக்குப் பின்பக்கம் அப்படியே இறுகிப்போகும். அப்புறம் கால் முழுசாக நீளாது, நடையில் நொண்டல் தங்கிவிடும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்பார்கள், "நேரா நீளுதா?" என்று யாரும் கேட்பதில்லை. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முட்டி அந்தரத்தில் இருக்கட்டும், தொடையை இறுக்கி முட்டியைக் கட்டில் பக்கமாக அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்தச் சொல்லுங்கள். ஒரு நாளில் பல தடவை.

மடக்குவதும் வேண்டும்தான். படுத்தபடி குதிகாலை மெல்ல உடம்புப் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் 90 டிகிரி என்பது பொதுவாக வைக்கிற இலக்கு. டாக்டர் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுத்தால் பயமில்லாமல் செய்வார்கள். முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் லிஃப்ட் இல்லாத பழைய வீடுகள் நிறைய, அதனால் படி விஷயமும் சொல்கிறேன்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைத்தடி, ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்.

தைலம் போட்டு நீவிவிடலாமா என்று பாட்டிமார் கேட்பார்கள். வேண்டாம். முட்டி சில வாரம் வீங்கிக் கதகதப்பாக இருப்பது சகஜம், ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108.

பிசியோதெரபிஸ்ட்டுக்கு எங்கே போவது என்று தவிப்பவர்கள், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். யார் வந்தாலும் வீட்டில் ஒருவர் கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் இருப்பது கொஞ்ச நேரம், மிச்ச நேரமெல்லாம் செய்யவைக்கப் போவது நீங்கள்தான்.