சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

(மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய சபை ஆயர் அவர்களே, திருமண்டலத்தின் சார்பில் வந்து நம்மைக் கனப்படுத்தியிருக்கும் செயலாளர் அவர்களே, சேகரக் குழு உறுப்பினர்களே, பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அம்மையார் அவர்களே, மூன்று நாளும் தொண்டை கட்டியும் சுருதி குறையாமல் பாடிய பாடகர் குழுவினரே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, வாலிபத் தம்பி தங்கைகளே, பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லாருக்கும் நம் ஆண்டவரும் மீட்பருமாகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் என் வாழ்த்துகள்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற மூத்த போதகர் ஐயா அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஐயா அவர்களைப் பார்த்ததும் நான் கொண்டுவந்த குறிப்புத்தாள் கையில் நடுங்குகிறது. திடப்படுத்தல் ஆராதனைக்கு என்னை ஆயத்தப்படுத்தியவர்கள் அவர்கள்தாம். பத்துக் கற்பனைகளில் ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து சொல்லவைப்பார்கள். அந்தக் கண்டிப்புக்கு இன்று இந்த மேடையில் நின்று நன்றி சொல்லாமல் நான் பேசத் தொடங்கக் கூடாது. ஐயா, நன்றி. விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் பார்த்துக்கொள்ளும் சகோதரர்களுக்கும், மழையில் நனைந்தபடி பந்தல் கட்டியவர்களுக்கும் நன்றி.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'சபையின் ஆவிக்குரிய எழுப்புதலும் வேத போதனையும்'. நான்கு காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது வேதம், இரண்டாவது மனந்திரும்புதல், மூன்றாவது ஜெபம், நான்காவது சாட்சி. நான்கும் ஒரே கட்டிலின் நான்கு கால்கள். ஆனால் எந்தக் கால் இன்று நம்மிடையே ஆடுகிறதோ அதில்தான் ஆப்பு வைக்க வேண்டும். ஆகவே வேதத்தில் தொடங்குகிறேன்.

நம் பெரியவர்கள் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுப்புதல் வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபிக்கிறோம். கையைத் தட்டுகிறோம், உபவாசிக்கிறோம். அகப்பையை ஓங்கி ஓங்கிப் போடுகிறோம். சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் எட்டிப் பார்த்தது?

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 22ஆம் அதிகாரத்தை இன்று இரவு வீட்டுக்குப் போய் வாசியுங்கள். யூதாவின் ராஜாவாகிய யோசியா எட்டு வயதில் அரியணை ஏறியவன். அவனுடைய ஆட்சியின் பதினெட்டாம் வருஷத்தில் ஆலயத்தில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி, மரத்துக்கும் கல்லுக்கும் பணம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கணக்குக் கேட்கத் தேவையில்லாத அளவுக்கு வேலையாட்கள் உண்மையாக நடந்தார்கள் என்று வேதமே நற்சாட்சி கொடுக்கிறது. அந்த வேலையின் நடுவில் பிரதான ஆசாரியன் இல்க்கியாவின் கையில் நியாயப்பிரமாண புத்தகம், அதாவது மோசேயின் சட்டப் புத்தகம், அகப்படுகிறது. எங்கே? ஆலயத்துக்குள்ளே! காணாமல்போன வேதம், காணாமல்போன இடத்திலேயே இத்தனை நாளும் கிடந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சம்பிரதியாகிய, அதாவது அரசனின் எழுத்தராகிய, சாப்பான் ராஜாவிடம் வருகிறான். முதலில் எதைச் சொல்கிறான்? பணத்தை எண்ணி வேலைக்காரர் கையில் கொடுத்துவிட்டோம் என்கிறான். அதன் பிறகுதான், இல்க்கியா ஒரு புத்தகம் கொடுத்தான் என்கிறான். கணக்கு முதலில், புத்தகம் பிறகு. பெரியோர்களே, நம்முடைய சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை நினைத்துப் பாருங்கள். கட்டட நிதிக்கு ஒதுக்கும் நேரத்தில் கால் பங்கு வேதபாடத்துக்கு ஒதுக்குகிறோமா? நான் கட்டட வேலைக்கு விரோதி அல்ல. சேகரக் குழுவினர் தவறாக எண்ண வேண்டாம். அவர்கள் உழைப்பை நேரில் கண்டவன் நான். ஆனால் யோசியா தன் ஆடையைக் கிழித்துக்கொண்டது கணக்கைக் கேட்டபோது அல்ல. சாப்பான் அந்தப் புத்தகத்தை வாசித்தபோது.

அடுத்த அதிகாரத்தில் அந்த ராஜா ஆலயத்துக்குப் போய், சிறியோர் முதல் பெரியோர் வரை எல்லாரும் கேட்கும்படி புத்தகத்தின் வார்த்தைகளையெல்லாம் வாசிக்கிறான். அதற்குப் பிறகுதான் விக்கிரகங்கள் விழுகின்றன. நெகேமியா 8ஆம் அதிகாரத்திலும் அதே வரிசைதான். ஏழாம் மாதம் முதல் தேதி, தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதி, மரத்தால் செய்த ஒரு பிரசங்க பீடம். வேதபாரகனாகிய எஸ்றா காலை தொடங்கி மத்தியானம் வரை வாசிக்கிறான். புத்தகத்தைத் திறந்தபோது ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள். லேவியர் என்ன செய்தார்கள்? 'தீர்க்கமாய் வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்.' அந்த மூன்று வினைகளையும் உங்கள் வேதாகமத்தில் கோடிட்டு வையுங்கள். ஜனங்கள் அழுதார்கள். எந்த இசைக்கருவியும் அவர்களை அழவைக்கவில்லை. கேட்ட வார்த்தை அழவைத்தது. 'கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்' என்ற வசனத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அரை நாள் நின்று வேதம் கேட்டு அழுத ஜனங்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தெருவில் கண்பார்வை இழந்த ஒரு பாட்டி இருந்தார்கள். பார்வை இருந்த காலத்திலும் எழுத்து அறியாதவர்கள். அவர்களுக்குத் தினமும் மாலையில் ஓர் அதிகாரம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று என் தாயார் என்னை அனுப்புவார்கள். விளையாட்டை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. ஆனாலும் போவேன். பாட்டி வாசல் திண்ணையில் சுவரோடு சாய்ந்து, முக்காட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்திருப்பார்கள், யாரோ எதையோ கொடுக்கப் போகிறார்கள் என்பதுபோல. வேதாகமம் பெரிய எழுத்துப் பதிப்பு. அட்டை கழன்று, நூலால் கட்டியிருக்கும்.

ஆதியாகமம் முடிந்து, யாத்திராகமம் முடிந்து, லேவியராகமத்தையும் எப்படியோ கடந்து எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். 89 வசனங்கள்! சங்கீதம் 119க்கு அடுத்தபடி வேதத்திலேயே நீளமான அதிகாரம். வெளியே என் நண்பர்கள் விசில் அடித்து அழைக்கிறார்கள். கோத்திரத்துப் பிரபுக்கள் நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொண்டுவரும் அதிகாரம் அது. முதல் நாளில் யூதா கோத்திரத்து நகசோன் கொண்டுவருகிறான். நூற்றுமுப்பது சேக்கல் நிறையில் ஒரு வெள்ளித்தாலம், எழுபது சேக்கல் நிறையில் ஒரு வெள்ளிக்கலம், பத்துச் சேக்கல் நிறையில் தூபவர்க்கம் நிறைந்த ஒரு பொற்கரண்டி. அடுத்து காளை, ஆட்டுக்கடா, ஆட்டுக்குட்டி. இரண்டாம் நாளில் இன்னொருவன்; அதே வெள்ளித்தாலம், அதே கலம், அதே கரண்டி. மூன்றாம் நாளிலும் அதே. பன்னிரண்டு நாளும் அதேதான் என்று கண்டுகொண்டேன். மெதுவாக இரண்டு ஏடுகளைச் சேர்த்துப் புரட்டி, கடைசி வசனங்களை வாசித்து, 'முடிந்தது பாட்டி' என்று புத்தகத்தை மூடினேன்.

பாட்டி அசையவில்லை. 'தம்பி' என்றார்கள். 'ஏடு புரளும் சத்தம் இன்றைக்குக் கனமாகக் கேட்டதே?'

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 'எல்லாரும் ஒரே பொருளைத்தான் கொண்டுவருகிறார்கள் பாட்டி. திரும்பத் திரும்ப அதையே எழுதியிருக்கிறது' என்றேன்.

'பன்னிரண்டாம் நாள் வந்தவன் பெயர் என்ன?'

புத்தகத்தைத் திறந்து தேடினேன். ஏனானின் குமாரன் அகீரா. நப்தலி கோத்திரம்.

'அவனுக்கு முன்னே பதினொரு பேர் அதையே கொடுத்துவிட்டார்கள். எழுதுகிறவர், இவனும் அப்படியே என்று ஒரு வரியில் விட்டிருக்கலாம். விடவில்லை. அவனுடைய தாலம், அவனுடைய கலம், அவனுடைய கரண்டி. ஒன்றையும் விடாமல் எழுதவைத்தாரே ஆண்டவர். அவருக்குச் சலிக்கவில்லை தம்பி. வாசிக்கிற உனக்கு ஏன் சலிக்கிறது? நகசோனிலிருந்து வாசி.'

வாசித்தேன். வெளியே விசில் ஓய்ந்துபோனது. விளக்கு ஏற்றிய பிறகும் வாசித்தேன். ஒவ்வொரு பெயர் வரும்போதும் பாட்டி விரித்த உள்ளங்கையில் ஒரு விரலை மடக்கினார்கள். பத்து விரலும் மடங்கிய பிறகு மறுபடி இரண்டு. அகீரா வந்தபோது அந்த முகத்தில் கண்ட மலர்ச்சியை இத்தனை ஆண்டு கழித்தும் என்னால் விவரிக்க முடியவில்லை. தன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு பெண்மணி, கடைசியாக வந்த ஒரு பிரபுவின் பெயருக்காக மகிழ்ந்தார்கள். வேதக் கல்லூரியில் நான்கு ஆண்டு படித்தேன். வேதத்தை எப்படி வாசிப்பது என்று நான் கற்றது அந்தத் திண்ணையில்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பாட்டியின் சட்டி நிரம்பியிருந்தது. ஆறுதல் தேடி வந்தவர்களுக்கெல்லாம் அதிலிருந்து அள்ளிக் கொடுத்தார்கள்.

இப்போது நம்மிடம் வருகிறேன். நாம் வேதத்தைத் துண்டு துண்டாக வாசிக்கிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் அட்டை, அதில் ஒரு வாக்குத்தத்தம். அந்த அட்டையை நானும் வைத்திருக்கிறேன், மதிக்கிறேன். எரேமியா 29:11 நம்மில் பலருக்கு மனப்பாடம். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைக் கர்த்தர் நம்மேல் வைத்திருக்கிறார் என்ற வசனம். அதற்கு முந்தின வசனத்தைச் சொல்லக்கூடியவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை உயரும்? 10ஆம் வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. எழுபது வருஷம்! அந்த அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதைக் கேட்ட முதியவர்கள் எருசலேமை மறுபடி காணப் போவதில்லை. அவர்களுக்குத்தான், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி ஜெபியுங்கள் என்று எரேமியா எழுதினான். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்திலேயே முழங்கினான். கேட்க எவ்வளவு இனிமை! அவன் அந்த வருஷத்திலேயே ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். அதிகாரத்தை முழுதாக வாசிக்காத சபைக்கு எரேமியா யார், அனனியா யார் என்று எப்படித் தெரியும்? பெரோயா பட்டணத்தார், பவுல் சொன்னதைக்கூட 'காரியங்கள் இப்படியிருக்கிறதா' என்று தினந்தோறும் வேதத்தைப் பார்த்து ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலனைச் சோதித்துப் பார்த்தவர்களை நற்குணசாலிகள் என்று வேதம் புகழ்கிறது. இந்த மேடையில் பேசும் என்னையும் அப்படியே சோதியுங்கள். நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொள்வேன்.

நம் கையில் இருக்கும் இந்தத் தமிழ் வேதாகமம் சும்மா வந்ததல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்தார், 1719இல் மரித்துவிட்டார். மீதியை அவருக்குப் பின் வந்தவர்கள் முடித்தார்கள், அவர்களுக்குப் பின் வந்தவர்கள் திருத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக மனிதர் தங்கள் ஆயுளை ஊற்றிய புத்தகம் இது. அதை ஞாயிறு காலையில் திறந்து, ஆராதனை முடிந்ததும் மூடி, அடுத்த ஞாயிறு வரை அலமாரியில் வைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. வாலிபப் பிள்ளைகள் அலைபேசியில் வாசிக்கிறார்கள். வாசிக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் பத்து அழைப்புகள் வருகின்றன.

மனந்திரும்புதலைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் நிறைய எழுதி வைத்திருந்தேன். ஆயர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், நியாயம்தான். ஆகவே நான் எதற்காக இந்த மேடைக்கு வந்தேனோ அதைக் கேட்டுவிடுகிறேன்.

புதன்கிழமை மாலை வேதபாட வகுப்பு நின்றுபோய் ஆண்டுகள் ஆகிவிட்டன. அதை மறுபடி தொடங்குங்கள். ஆயர் அவர்களையும் சேகரக் குழுவினரையும் கரம் கூப்பிக் கேட்கிறேன். வாரம் ஒரு தலைப்பில் பிரசங்கம் வேண்டாம். ஒரு புத்தகத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை வரிசையாகப் போங்கள். ஞாயிறு ஆராதனையில் நேரம் போதவில்லை என்று வேத வாசிப்புப் பாடங்களைச் சுருக்காதீர்கள். அறிவிப்புகளைச் சுருக்குங்கள். 'நான் வருமளவும் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிரு' என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது வாசிப்பை முதலில் வைத்தார். போதகர்களே, சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வாரம் முழுவதும் கல்லறைக்கும் கமிட்டிக்கும் காவல்நிலையத்துக்கும் உங்களை அலைக்கழித்துவிட்டு, ஞாயிறு அன்று நல்ல செய்தி இல்லை என்று குறைசொல்வது சபையின் குற்றம். உங்கள் படிக்கும் நேரத்தை நாங்கள் திருடக் கூடாது.

வீடுகளுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை இரவு ஓர் அதிகாரம் வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடிகிறது. வேதாகமம் முழுவதும் 1189 அதிகாரங்கள். தினம் ஓர் அதிகாரம் என்றால் மூன்றேகால் ஆண்டு. ஐந்தாம் வகுப்பில் தொடங்கும் பிள்ளை எட்டாம் வகுப்பில் முடித்துவிடும். பெரியவர்கள் வாசிக்க வேண்டாம். பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். திக்கி வாசித்தாலும் திருத்தாமல் பொறுத்திருங்கள்.

வருகிற புதன்கிழமையே தொடங்க ஆயர் அவர்கள் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மிகுந்த மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன். மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம், 16 வாரம். முதல் வாரம் முதலாம் அதிகாரம், 45 வசனங்கள். வாசிக்க விரும்புகிறவர்களின் பெயரை எழுத வாசலருகே ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒரு நோட்டோடு அமர்ந்திருக்கிறார். முதல் வரியைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். அது பன்னிரண்டு வயதுள்ள ஒரு பிள்ளைக்கு.