பிபி மெஷின் டென்ஷன் குறைக்குமா ஏத்துமா?

வணக்கம் மக்களே! சேலம் மூக்கனேரி ஏரிக் கரையில நின்னு பேசுறேன், காத்து சத்தம் வரும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, அந்த ஓட்டை மைக்கை இன்னும் மாத்தல.

வீட்டுக்கு பிபி மெஷின் வாங்கினேன்ல, அதுல கையில சுத்துற பட்டை இருக்கே, அது 22ல இருந்து 32 சென்டிமீட்டர் சுத்தளவு இருக்கிற கைக்குத்தானாம். என் கை 35! கடையில ஒரு வார்த்தை கேக்கல. சின்ன பட்டையை இறுக்கி சுத்தினா பிபியை ஏத்தித்தான் காட்டும், அதைப் பாத்து பயந்து திரும்ப அமுக்க, பயத்துல அது இன்னும் ஏற, வீட்டம்மா மெஷினையே புடுங்கி பீரோவுல வச்சுட்டாங்க. பெரிய பட்டை தனியா 750 ரூபா. மெஷினே 1,900தாங்க! ஒரு துணி, உள்ள ஒரு காத்துப்பை, ஒரு ட்யூப், அதுக்கு 750ஆ? அந்தக் காசுக்கு குடும்பத்தோட தட்டுவடை செட்டு சாப்ட்டு வந்திருக்கலாம்.

ஆனா பெரிய பட்டைக்கு மாத்தினதும் பிபி நார்மல் ரேஞ்சுக்கு வந்துருச்சு, அதை விடுங்க. டென்ஷன் ஆனா அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடங்கும், ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும். அப்பப்ப வந்து போனா பரவால்ல, தினமும் அதே பொழப்புன்னா தூக்கம் போச்சு, கழுத்து வலி, ராத்திரி பல்லக் கடிக்கிறது, எல்லாம் வரிசையா வந்து நிக்கும். நான் இங்க உக்காந்து மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுறேன், விடுறது நீளமா இருந்தா இதயத்துடிப்பு கொஞ்சம் நிதானமாகும். மாத்திரை சாப்பிடுறவங்க இதை நம்பி நிறுத்திடாதீங்க சாமி.

ஏற்காட்டுல ரிலாக்ஸ் பேக்கேஜ் போலாம்னு ஒரு நண்பர் கூப்ட்டார். ஞாயித்துக்கிழமை 20 ஹேர்பின் பெண்டும் ஹாரன் கேட்டுக்கிட்டே ஏறி, போட் ஹவுஸ்ல க்யூ நின்னு… எனக்கு வேண்டாம்ப்பா. போனா வார நாள்ல, விடியக்காலைல.

ஆங், மறந்துட்டேன். கை அளவை தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல டேப்பை கையைச் சுத்தி வச்சு எடுங்க. பிபி பாக்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி டீ, காபி வேண்டாம், 5 நிமிஷம் முதுகு சாஞ்சு, கால் மேல கால் போடாம சும்மா உக்காருங்க. பேசவும் கூடாதாம். என்கிட்ட போய்! அப்புறம் கமெண்ட்ல ஒரு அக்கா மணிக்கட்டுல கட்டுற மெஷின் கேட்டிருந்தீங்க, மேல் கையில கட்டுறதே வாங்குங்கக்கா, அதுதான் நம்பலாம், வாங்குறப்பவே பட்டை சைஸ் கேட்டுருங்க.