கடைசி பஸ்

நேயர்களுக்கு வணக்கம். 26 வருடம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். குடித்துவிட்டு பஸ் ஏறுகிறவர்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் கடைசி பஸ்ஸைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் பாடு எல்லாம் அதில்தான்.

டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடுகிறது. என் கடைசி டிரிப் 10.10-க்கு. ஜவுளிக்கடைப் பெண்கள் வேலை முடிந்து வருவதும் அப்போதுதான். காலையிலிருந்து நின்ற கால்கள். இரண்டு கூட்டமும் ஒரே படிக்கட்டில் ஏறும். 2016-ல் கடை திறக்கும் நேரத்தைக் காலை 10-லிருந்து பகல் 12-க்கு மாற்றினார்கள். காலை டிரிப்புக்கு அது நிம்மதி. மூடும் நேரம் மட்டும் மாறவில்லை.

ஒரு மழை நாள். ஐம்பது வயதிருக்கும், கொத்தனார். நக இடுக்கில் சிமெண்ட் காய்ந்திருந்தது. லேடீஸ் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். டிக்கெட் கேட்டால் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து எண்ணுகிறார், விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. அப்புறம் பக்கத்துப் பெண்ணின் தோளில் தலை சாய்ந்தது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் அறுபது பேர். அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள். கவனியுங்கள், அறுபது பேர்.

பின்னாலிருந்து ஒரு காலேஜ் பையன் வந்தான். சத்தம் போடவில்லை. "அண்ணே, பின்னாடி இடம் இருக்கு, வாங்க" என்று தோளை அணைத்துக் கூட்டிப்போனான். எந்த ஸ்டாப் என்று கேட்டு என்னிடம் சொன்னான். அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தாள். ஸ்டாப் வந்ததும் நானும் பையனும் அவரைப் பிடித்து இறக்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்த பிறகுதான் விசில் கொடுத்தேன்.

பெண்களிடம் தவறாக நடக்கும் ஆளை இறக்கிவிடவோ போலீஸில் ஒப்படைக்கவோ 2022-ல் விதியைத் திருத்திக் கண்டக்டருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நல்ல விதி. ஆனால் ஒரு கையில் பணப்பை, ஒரு கையில் டிக்கெட். தள்ளாடுகிறவரை இருட்டு ரோட்டில் இறக்கினால் பின்னால் வரும் லாரி என்ன செய்யும்? அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கடைசி டிரிப்புக்கு இன்னொரு ஊழியர் வேண்டும். கடை மூடும் நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும். அதுவரை, ஜன்னல் பக்கம் திரும்பாதீர்கள்.

ரயிலைப் பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, இதை மட்டும். ரயிலிலோ பிளாட்பாரத்திலோ போதையில் இருப்பது ரயில்வே சட்டம் 145-ஆம் பிரிவின்படி குற்றம். இறக்கிவிடலாம். உதவிக்கு 139. அந்த எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். வணக்கம்.