100 மீட்டரில் உங்கள் உண்மையான நேரம் என்ன?

(காட்சி: சுங்கை சிப்புட். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடல், மாலை ஐந்தரை மணி.)

வணக்கம். சென்ற மாதம் இந்தத் திடலில் என் தம்பி 100 மீட்டரை 13.1 வினாடியில் ஓடியதாகக் கடிகாரம் காட்டியது. அதே ஓட்டத்தைக் காணொளியில் அளந்தபோது 13.6 வந்தது. அந்த அரை வினாடி எங்கே போனது?

தொடக்கக் கோட்டில் ஊதும் விசில், முடிவுக் கோட்டில் நிற்பவரின் காதை எட்டவே ஏறக்குறைய 0.3 வினாடி ஆகிறது. அதன்பின் அவர் விரல் பொத்தானை அழுத்த மேலும் சற்று நேரம் பிடிக்கிறது. ஆனால் ஓடிவருபவரைத் தொலைவிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பதால், நிறுத்தும்போது அவர் அவ்வளவு தாமதிப்பதில்லை.

நம் பேராக்கைச் சேர்ந்த மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்த மலேசியத் தேசியச் சாதனை 2017இல்தான், 20.90 வினாடியில், முறியடிக்கப்பட்டது. 49 ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த முன்னேற்றம் 0.02 வினாடி என்றால், நம் விசிலின் பிழை அதைப்போல் பதினைந்து மடங்கு.

(காட்சி: உயர்த்திய வெள்ளைத் துணி கீழே இறங்குகிறது.)

ஆகவே விசிலோடு ஒரு துணியையும் கீழே இறக்கச் சொல்லுங்கள். முடிவுக் கோட்டுக்கு நேராக நின்று, துணி இறங்குவதைக் கைப்பேசியில் பதிவுசெய்தபின், பதிவை நிறுத்தாமலே கைப்பேசியைக் கோட்டின் பக்கம் திருப்புங்கள். தலையோ காலோ அல்ல, நெஞ்சு கோட்டைத் தொடும் கணமே கணக்கு. தூரத்தை நாடாவால் அளப்பது நல்லது. ஜிபிஎஸ் கடிகாரம் இவ்வளவு குறுகிய தூரத்தில் சில மீட்டர்கள் தவறலாம்.

(காட்சி: தம்பி, 30 மீட்டர் ஓட்டம்.)

நேரத்தைக் குறைக்க எங்கே உழைப்பது? 2009இல் பெர்லினில் 9.58 வினாடியில் ஓடிய உசேன் போல்ட், 60இலிருந்து 80 மீட்டர் வரை 1.61 வினாடியும் கடைசி 20 மீட்டருக்கு 1.66 வினாடியும் எடுத்தார். அவருக்கே இறுதியில் வேகம் குறைந்தது. நமக்கு இன்னும் முன்னதாகவே குறையும். எனவே முதல் 30 மீட்டரில் வேகம் கூட்டுவதும், பின்பாதியில் தோளையும் தாடையையும் இறுக்காமல் ஓடுவதும்தான் நமக்குப் பலன் தரும் என்பது என் கருத்து.

நான் பல மாதங்கள் பத்து 100 மீட்டர்களை மூச்சு வாங்கியபடியே ஓடினேன். தாக்குப்பிடிக்கும் சக்தி வளர்ந்ததே தவிர வேகம் வளரவில்லை. இப்போது ஆறு முறை 30 மீட்டர் முழு வேகத்தில் ஓடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நிமிடம் ஓய்வு, வாரத்திற்கு இரு நாள் மட்டும்.

மழை பெய்து புல் ஈரமாக இருக்கும் மாலையில் நேரம் எடுக்க வேண்டாம். கால் வழுக்கினால் முதலில் பாதிக்கப்படுவது பின்தொடைத் தசை.